லாஃப்டுக்குள் போன வண்டி

பார்சலைப் பிரித்ததும் கார்த்திகேசன் ஞானசேகரனைத்தான் மனதுக்குள் வாழ்த்தினார். மனைவியின் தம்பி, தொழிலிலும் கூட்டாளி. சொல்லாமல் கொள்ளாமல் ஸ்டீல் ஷாஃப்ட் வாங்கிப் போட அவனை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்? செம்மண்டலத்து வீட்டுக் கூடத்தில் ரிமோட் டிரக்கைக் கவிழ்த்துப் போட்டுக்கொண்டு காலையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அதைப் பொம்மை என்று யாராவது சொன்னால் அவருக்குக் கெட்ட கோபம் வரும். கட்டடங்களுக்குக் கேமரா மாட்டுவதும் கேபிள் இழுப்பதும் அவர் தொழில். கை எட்டாத சந்துபொந்துகளில் டிரக்கின் பின்னால் நைலான் கயிற்றைக் கட்டி ஓட்டிவிடுவார். வண்டி அந்தக் கோடிக்குப் போய்ச் சேர்ந்ததும், கயிற்றில் கேபிளைக் கட்டி இழுத்தால் வேலை முடிந்தது. ஆனால் மோட்டாரின் சுற்றைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகிற ஷாஃப்ட் இருக்கிறதே, அது வெறும் பிளாஸ்டிக். செங்கல் துண்டில் ஏறும்போது முறுக்கிக்கொண்டு ஒடிந்து தொலையும். ஒடிந்த வண்டியைக் கயிற்றைப் பிடித்து இழுத்தால் பாதி நேரம் உருண்டு வந்துவிடும். வராவிட்டால் ஆள் நுழைந்து எடுக்க வேண்டும்.

எந்த ஆள்? கார்த்திகேசன்தான். ஞானசேகரனுக்குத் தோளே நுழையாது. "மாமா ஒல்லி, மாமா போவாரு" என்பது தொழில் ஆரம்பித்த நாளிலிருந்து வழக்கமான பேச்சு. இவரும் "பாத்துக்கலாம் மச்சான்" என்பார். மாமனாருக்கு ஆஸ்பத்திரியா, பாத்துக்கலாம். மகளுக்குக் காலேஜ் சீட்டா, பாத்துக்கலாம். முடியாது என்ற வார்த்தையை அந்த வாய் சொல்லி யாரும் கேட்டதில்லை. பெரிய பெருமை என்று நினைப்பு!

போன மாதம் திருவதிகையில் ஒரு கல்யாண மண்டபத்துப் பரணுக்குள் வண்டி ஒடிந்து, கயிறும் குழாயில் சிக்கிக்கொண்டது. எடுக்கப் போனவர் பாதியில் மாட்டிக்கொண்டார். முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் வர முடியவில்லை. சிமெண்ட் தூசியில் மூச்சு இழுத்தது. கத்தலாம் என்றால் குரல் வரவில்லை. செத்தோம் என்றே நினைத்தார். எப்படியோ முழங்கை தேய, சட்டை கிழிய வெளியே வந்து விழுந்தார். "அக்காகிட்ட சொல்றேன் மாமா" என்ற ஞானசேகரனை, "வாயத் தொறந்த, அவ்ளோதான்" என்று அதட்டி வைத்தார்.

அன்றிலிருந்து மனுஷனுக்குத் தூக்கமே இல்லை. கண்ணை மூடினால் முகத்துக்கு மேலே கான்கிரீட் வந்து நிற்கிறது. உடம்பு எந்நேரமும் அசந்துபோய்க் கிடக்கிறது. எங்கே போனாலும் லிஃப்டை விட்டுவிட்டுப் படியேறுகிறார். இன்றைக்கு அண்ணாமலை நகரில் வேலை. ஷாஃப்ட் ஒடியாமல் நின்றால் எந்தச் சந்துக்குள்ளும் அவர் இனி தலையை விட வேண்டியதில்லை. அந்த நினைப்பில்தான் ஒவ்வொரு திருகாணியையும் இறுக்கினார்.

ஸ்ரீமதி இட்லித் தட்டோடு வந்து நின்றாள். "ஏங்க, கெட்டியா இருக்கா அது?"

"இரும்பாச்சே. ஒடியாது."

"ஒடியவே ஒடியாதா?"

தொழிலைப் பற்றி ஒரு நாளும் கேட்காதவள் இன்றைக்கு எதற்கு இரண்டு தடவை கேட்கிறாள் என்று ஒரு நொடி தோன்றியது. சட்னி ஆறிக்கொண்டிருந்ததால் அதை அப்படியே விட்டுவிட்டார்.

ஆலப்பாக்கம் தாண்டும்வரை ஞானசேகரன் வேனை ஓட்டிக்கொண்டே வாய் ஓயாமல் பேசினான். கார்த்திகேசன் ஜன்னலில் தலையைச் சாய்த்துக்கொண்டு ம் கொட்டினார். ஷாஃப்டுக்கு நன்றி சொல்லலாம் என்று நினைத்தார், அதற்குக்கூடத் தெம்பில்லை.

அண்ணாமலை நகரில் மாணவர்களுக்கான லாட்ஜ் அது. உரிமையாளர் வைத்திலிங்கம் பெரிய மனிதர், குரலும் பெரிது. அறைகளின் வரிசைக்கு மேலே, குழாய்களை மறைக்க நெடுக ஒரு கான்கிரீட் லாஃப்ட் கட்டி முன்பக்கத்தைச் செங்கல்லால் அடைத்திருந்தார்கள். இரண்டு கோடியிலும் ஆள் குறுகி நுழைகிற அளவுக்குத் திறப்பு.

"இந்த வழியா கேபிள் போயிடணும். செவுத்த மட்டும் தொடாதீங்க, புது பெயிண்ட்டு" என்றார் வைத்திலிங்கம்.

"பாத்துக்கலாங்க" என்றார் கார்த்திகேசன்.

ஏணியில் நின்றபடி டிரக்கை உள்ளே விட்டார். அதன் தலையில் கட்டியிருந்த சின்னக் கேமரா காட்டுவதை ஞானசேகரன் போனில் பார்த்துக்கொண்டிருந்தான். கொத்தனார்கள் விட்டுப்போன காரைக் கட்டியெல்லாம் உள்ளே கிடந்தது. வண்டி ஒவ்வொன்றாக ஏறி இறங்கியது.

"சூப்பர் மாமா! பாதிக்கு மேல போயிடுச்சு. ஸ்டீலு ஸ்டீலுதான்!"

கார்த்திகேசனுக்குச் சிரிப்பே வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து வண்டி ஒரு பெரிய காரைக் கட்டியில் முட்டி நின்றது. விசையை இன்னும் கொஞ்சம் அழுத்தினார். கறகறவென்று ஒரு சத்தம் கேட்டது. பிறகு மோட்டார் மட்டும் முனகியது.

"கயித்த இழு மச்சான்."

ஞானசேகரன் இழுத்தான். அசையவில்லை. இன்னும் பலமாக இழுத்தான். வண்டி பக்கவாட்டில் திரும்பிக் குழாய்க்கும் சுவருக்கும் நடுவில் சிக்கியதைக் கேமரா காட்டியது.

கார்த்திகேசனுக்கு அப்போதுதான் உறைத்தது. அடடா, இதை யோசிக்கவே இல்லையே! பிளாஸ்டிக் ஷாஃப்டாக இருந்திருந்தால் முதல் முட்டலிலேயே அது ஒடிந்திருக்கும். சக்கரம் தனியாகி, இழுத்த இழுப்புக்கு உருண்டு வந்திருக்கும். ஸ்டீல் ஒடியாமல் நின்றதால் மொத்த பாரமும் உள்ளே இருந்த கியரில் இறங்கி, பல்லெல்லாம் நொறுங்கி இறுகிவிட்டது. இப்போது எந்தச் சக்கரமும் சுற்றாது. ஒன்றைக் கெட்டியாக்கப் போய் அதற்கடுத்ததைக் காவு கொடுத்தாயிற்று.

ஞானசேகரன் அவர் முகத்தைப் பார்க்காமல், "இன்னா மாமா செய்யறது?" என்றான். வழக்கமான பேச்சை அவன் பேசவில்லை.

கார்த்திகேசன் சட்டைக் கையை மடித்தார். ஏணியின் மேல்படிக்கு ஏறித் தலையையும் தோளையும் திறப்புக்குள் விட்டார். அதே சிமெண்ட் வாடை. முகத்துக்கு மேலே அதே கான்கிரீட். தூரத்தில் வண்டியின் சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது. கை முன்னால் போகவில்லை. போ என்று திட்டிப் பார்த்தார், போகவில்லை. மூச்சு இழுக்கத் தொடங்கியது.

கீழே இறங்கினார். வைத்திலிங்கம் எதிரே நின்றிருந்தார்.

"என்னால முடியாதுங்க" என்றார் கார்த்திகேசன். குரல் யாருடையதோ போல் இருந்தது. "உள்ள போக முடியாது. பயமா இருக்கு. செவுத்த ஒடச்சாதான் வண்டி வரும்."

மனிதர் கத்தப்போகிறார் என்று ஞானசேகரன் ஓரடி முன்னால் வந்தான்.

"ஒடைங்க, அதுக்கென்ன?" என்றார் வைத்திலிங்கம். "செங்கல்லுதானே. கீழ கொத்தனாரு வேல செஞ்சிக்கினுதான் இருக்காரு, வரச் சொல்றேன். மொதல்ல உக்காருங்க, மூஞ்சியெல்லாம் வேர்க்குது பாருங்க." சொல்லிவிட்டுப் போயே போய்விட்டார்.

அவ்வளவுதானா? கார்த்திகேசனுக்கு நிம்மதி வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. எத்தனை பரண், எத்தனை சாக்கடைச் சந்து! எத்தனை நாள் நெஞ்சைத் தேய்த்துக்கொண்டு போயிருக்கிறார்! ஒரு இடத்திலாவது வாயைத் திறந்து கேட்டிருந்தால்? எல்லா இடத்திலும் சரி என்றிருக்க மாட்டார்கள்தான். ஆனால் ஒரு இடத்தில்கூடக் கேட்கவில்லையே. முட்டாள், முட்டாள் என்று தன்னையே திட்டிக்கொண்டு படியில் உட்கார்ந்தார்.

கொத்தனார் நான்கு செங்கல்லைப் பெயர்த்து வண்டியை எடுத்துக் கொடுத்தார். ஷாஃப்டில் ஒரு கீறல் இல்லை.

"நல்ல ஷாஃப்டுதான் வாங்கின மச்சான். கியருதான் தாங்கல."

"நான் எங்க வாங்கினேன்? நீங்க வாங்கினதுன்னுல்ல நெனச்சேன்."

கார்த்திகேசன் அவனைப் பார்த்தார். காலையில் ஸ்ரீமதி இரண்டு தடவை கேட்டது நினைவுக்கு வந்தது. போனை எடுத்தார்.

"ஸ்ரீமதி, ஷாஃப்டு ஒடியல. கியரு போயிடுச்சு..."

"அத வுடுங்க. நீங்க உள்ள போனீங்களா?"

"போகல."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

"ஒரு மாசமா பாத்ரூம் கதவத் தாழ் போடாம குளிக்கிறீங்க. திருவதிகைக்குப் போட்டுக்கினு போன சட்டையில முழங்கை ரெண்டும் கிழிஞ்சிருந்துச்சு. எனக்குத் தெரியாதா? கேட்டா பாத்துக்கலாம்னுதான் சொல்லுவீங்க. அதான் வண்டிய போட்டோ எடுத்து நானே ஆர்டர் போட்டேன். ஒடியவே ஒடியாதுன்னு போட்டிருந்தான்."

கார்த்திகேசன் கையிலிருந்த வண்டியை மடியில் வைத்துக்கொண்டார்.

"எனக்கு ரொம்பப் பயமாயிருக்கு ஸ்ரீமதி."

"எனக்கும்தாங்க" என்றாள் அவள். "வூட்டுக்கு வாங்க."