பெட்டிக்குள் போன கேள்வி

மாலை வகுப்பில் இன்று வயரிங் செய்முறைத் தேர்வு. இருவர் இருவராகச் சேர வேண்டும். அதே வகுப்பில் படிக்கும், போனில் தினமும் என்னோடு அரட்டையடிக்கும் லிஃப்ட் மெக்கானிக்கோடு சேர ஆசைப்பட்டேன். "என்கூட சேர்றியா?" என்று அவனுக்கு அனுப்பிவிட்டு, ஆசிரியர் நீட்டிய பெட்டியில் போனைப் போட்டேன். அவனுடைய போன் அதற்கு முன்பே உள்ளே போயிருந்தது.

அடுத்த பெஞ்சில்தான் இருந்தான். நேரில் கேட்க வேண்டிய வாக்கியத்தை மனதுக்குள் எழுதி, அழித்து, திருத்தினேன். அதற்குள் எங்களோடு படிக்கும் தையல்காரர் ஒருவர், "தம்பி, நம்ம ரெண்டு பேரும் சேந்துக்கலாமா?" என்று அவனை அழைத்துப் போய்விட்டார். மிஞ்சிய எனக்கு ஆசிரியரே ஜோடி.

தேர்வு முடிந்து போனைப் பார்த்தவன் சிரித்தான். "பக்கத்துலதானேடா இருந்தேன்? வாயத் தொறந்தா முத்தா உதிர்ந்துடும்?"

நானும் சிரித்துவைத்தேன். பஸ்ஸில் ஏறிய பிறகு நல்ல பதில் ஒன்று தோன்றியது. அனுப்பினேன்.