முன்கூட்டியே செலுத்திய ஸ்தோத்திரம்

பிரபினிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. குடியோ பீடியோ அல்ல. அப்படி ஏதாவது இருந்திருந்தால் அவன் அம்மா ஜெபகனி ஜெபம் பண்ணியே விரட்டியிருப்பாள். இது வேறு மாதிரி. எதைச் செய்வதென்றாலும் ஊரில் எல்லாரிடமும் கேட்டுவிட்டுத்தான் செய்வான். செருப்பு வாங்க நாலு பேரிடம் கேட்பான். நாலு பேரும் நாலு கடையைச் சொல்வார்கள். கடைசியில் பழைய செருப்பையே தைத்துப் போட்டுக்கொண்டு திரிவான்.

இப்படிப்பட்டவன் கையில்தான் 2008-இல் ஒரு கேள்வி வந்து மாட்டியது. சி.சி.என்.ஏ. பரீட்சை எழுதலாமா, வேண்டாமா?

கம்ப்யூட்டர்களை ஒன்றோடொன்று இணைத்துப் பேசவைக்கிற நெட்வொர்க் வேலைக்கான சான்றிதழ் அது. பிரபினுக்குத் திருவனந்தபுரம் பக்கம் கழக்கூட்டம் டெக்னோபார்க்கில் ஒரு கம்பெனியில் வேலை. படித்தது மெக்கானிக்கல் எஞ்சினியரிங். அந்த வருஷங்களில் நம் நாகர்கோவில் வட்டாரத்தில் எஞ்சினியரிங் படிக்காத பையனைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். வேலைக்குப் பெயர் 'சிஸ்டம் சப்போர்ட்'. உள்ளபடி சொன்னால், பிரின்டரில் சிக்கிய காகிதத்தை உருவுகிற உத்தியோகம். மாடிக்கு மாடி யாராவது ஒருவர் "பிரபினே, பிரின்டர்!" என்று கூவுவார்கள். இவன் ஓடுவான். நெட்வொர்க் டீமோ கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் ஏ.சி.யில் உட்கார்ந்திருந்தது. அவர்களை யாரும் கூவி அழைப்பதில்லை, மெயில் போட்டுக் காத்திருப்பார்கள். அந்தக் கதவுக்கு உள்ளே போய்விட வேண்டும் என்பதுதான் பிரபினின் ஒரே ஆசை. டீமின் தலைவரிடம் ஒருமுறை கேட்டும் பார்த்தான். "சான்றிதழோடு வா, பார்ப்போம்" என்றார் அவர். பார்ப்போம் என்றாரே தவிர, தருவோம் என்று சொல்லவில்லை. அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு பிரபின் இரண்டு வருஷம் ஓட்டினான்.

தினமும் குழித்துறையில் ரயில் ஏறியதும் விசாரணை தொடங்கிவிடும். கூடவே சீசன் டிக்கெட்டில் வருகிற ஜான்ரோஸ், திருவனந்தபுரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் பில் போடுகிறவர். உலகத்தில் அவருக்கு அபிப்பிராயம் இல்லாத விஷயம் கிடையாது.

"எலே பிரபினே, நான் சொல்லுகதக் கேளு. எங்க பக்கத்து வீட்டுப் பய அத எழுதி ஜெயிச்சான். இப்ப மார்த்தாண்டத்துல மொபைல் கவர் விக்கான். சர்டிபிகேட்ட பிரேம் போட்டுக் கடையில தூக்கியிருக்கான். வாற ஆளுவ, அது ஏதோ கடை லைசென்சாக்கும்னு நெனச்சுக்கிடுது."

எதிர் சீட்டுக்காரர் விடமாட்டார். "அதெல்லாம் சும்மா. துபாயில அது இல்லாம வாசல்லயே நிறுத்திப் போடுவான்."

இப்படியே நெய்யாற்றின்கரை வரும். பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்பார்களே, அதே கதைதான். சான்றிதழ் இருந்தால்தான் அந்த வேலை, அந்த வேலை கிடைக்கும் என்றால்தான் சான்றிதழ் எழுதுவதில் பொருள். வளைகுடாவில், தம்மாமில் வேலையிலிருந்த அப்பா சுந்தர்சிங்கிடமும் போனில் கேட்டான். "அம்மைகிட்ட கேளு மக்கா" என்று சொல்லி வைத்துவிட்டார்.

உண்மை வேறு. அது பிரபினுக்கு மட்டும் தெரியும். கல்லூரியில் அவன் வைத்த அரியர்கள் கொஞ்சநஞ்சமல்ல. ஒவ்வொரு முறையும் அறிவிப்புப் பலகையில் தன் நம்பரைத் தேடி, கிடைக்காமல், இன்னொருமுறை மேலிருந்து கீழே தேடியது அவன் வயிற்றில் இன்னும் இருந்தது. பயனுள்ளதா என்று கேட்டுக்கொண்டே இருக்கும்வரை எழுத வேண்டியதில்லை. எழுதாதவரை தோற்கவும் முடியாது. கேள்விக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள அவனுக்கு அவ்வளவு வசதியாக இருந்தது.

2010-இல், ஒரு ஞாயிற்றுக்கிழமை, அந்த வசதிக்கு முடிவு வந்தது.

வழக்கம்போல் பிரபின் கோவிலில் கடைசி பெஞ்சில் இருந்தான். பிரசங்கம் முடிந்து அறிவிப்புகள் வந்தன. சபைச் செயலர் யேசுரத்தினம், மைக் இல்லாமலே தெருமுனைவரை கேட்கும் குரலை மைக்கில் வைத்து, கல்யாண அறிவிப்பு ஓலைகளை வாசித்தார். பிறகு நன்றி சொல்லிச் செலுத்துகிற ஸ்தோத்திரக் காணிக்கைகள். ஒருவருக்கு மூட்டுவலி நீங்கியிருந்தது. ஒருவருக்கு விசா கிடைத்திருந்தது. மூன்றாவதாக இது:

"திருமதி ஜெபகனி சுந்தர்சிங், தமது மகன் பிரபின் சி.சி.என்.ஏ. பரீட்சையில் தேறிய கிருபைக்காகச் செலுத்தும் ஸ்தோத்திரக் காணிக்கை."

கோவிலே திரும்பிப் பார்த்தது. பிரபினும் திரும்பிப் பார்த்தான், பின்னால் சுவர்தான் இருந்தது.

ஆராதனை முடிந்து வெளியே வந்தால் கைகுலுக்க வரிசை. "கொள்ளாம் மக்கா!" என்று முதுகில் தட்டினார்கள். இல்லை, நான் எழுதவில்லை என்று சொல்ல அவன் வாயைத் திறந்தான். அதற்குள் அடுத்த கை வந்துவிட்டது. மூன்றாவது கைக்குப் பிறகு அவன் வாயைத் திறக்கவே இல்லை.

வீட்டில் ஜெபகனி நெத்திலியைக் கிள்ளிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, நான் அந்தப் பரீட்சைய எழுதவே இல்லியே!"

"எனக்கு அறியாதா? கன்வென்ஷனுல பிரசங்கம் பண்ண வந்த ஐயரு என்ன சொன்னாரு? கெடச்ச பொறவு நன்றி சொல்லுகது ஆரும் செய்வா. கெடைக்கும் முன்ன, கெடச்சாச்சுன்னு நன்றி சொல்லணும். அதாக்கும் விசுவாசம்."

"அந்த விசுவாசத்த வீட்டுல வச்சுச் சொல்லக் கூடாதா? மைக்குல வாசிக்கணுமா?"

"ஆண்டவருக்குக் காது கேக்கும்ல. ஒனக்குத்தான் மைக்கு வேணும்."

பிரபினுக்கு எரிச்சலாக வந்தது.

ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? அடுத்த வாரமே வீட்டுக்கு மோடங்கள் வரத் தொடங்கின. போதகர் வீட்டில் இன்டர்நெட் விட்டுவிட்டு வந்தது, இவன் போய் ஒரு ஒயரை அழுத்திச் செருகினான், சரியாகிவிட்டது. "அதுக்குத்தான் படிப்பு வேணும்னு சொல்லுகது" என்றார்கள். ஒரு பெரியவர் டி.வி. ரிமோட்டைக் கொண்டுவந்தார். அதில் பேட்டரி மாட்டியதற்கும் அந்தச் சான்றிதழுக்குத்தான் பெயர். கேட்கவே நன்றாகத்தான் இருந்தது. அலுவலகத்தில் காகிதம் உருவுகிறவன் ஊரில் நிமிர்ந்து நடந்தான். சொல்ல வேண்டியதை நாளை சொல்லலாம் என்று தள்ளிப்போட்டான். தள்ளிப்போடுவதற்கு அவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அப்போதுதான் யேசுரத்தினம் வந்து நின்றார். "வாற ஞாயிறு வாலிபர் கூட்டம். நீதான் பேசணும். கம்ப்யூட்டர் சர்டிபிகேட்டு எழுதினா பிரயோஜனம் உண்டா, இல்லியா? எழுதி ஜெயிச்ச ஆளு சொன்னா பிள்ளைவ கேக்கும்."

"மாமா, எனக்கு..."

"நோட்டீசுல போட்டாச்சு."

வேறு வழியில்லாமல் பிரபின் முதல் முறையாக ஒழுங்காக விசாரித்தான். ரயிலில் அல்ல, கண்ணாடிக் கதவுக்குள் இருந்தவர்களிடம். பதில் ஒன்றும் மலையைப் புரட்டுகிற ரகசியமில்லை. ஏற்கெனவே உள்ளே ஒரு காலை வைத்திருப்பவனுக்கு அது மறுகாலை எடுத்துவைக்க உதவும். ஒரு காலும் வைக்காதவனுக்கு அது மட்டும் வேலை வாங்கித் தராது. அவ்வளவுதான். இதை அறிய இரண்டு வருஷம் வேண்டியிருக்கவில்லை, ஒரு டீ குடிக்கிற நேரம் போதுமாயிருந்தது.

கூட்டத்தில் நன்றாகத்தான் பேசினான். கைதட்டல்கூட வந்தது. பின்வரிசையில் ஜெபகனி மற்ற பெண்களோடு சேர்ந்து டீ டம்ளர்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். முடிக்கப்போகும் நேரத்தில் ஷைஜா எழுந்தாள். யேசுரத்தினத்தின் அக்காள் மகள், நாகர்கோவிலில் ஒரு கம்பெனியில் டேட்டா என்ட்ரி வேலை.

"அண்ணா, நான் வேலைய விட்டுட்டு வீட்டுல இருந்து இதுக்குப் படிக்கலாம்னு நெனைக்கேன். எங்க வீட்டுல, பிரபின் அண்ணன் எழுதியாச்சுல்லா, நீயும் எழுதுன்னு சொல்லுகாங்க. நீங்க இப்ப சொல்லுங்க, நாளைக்கே லெட்டர் குடுத்துருவேன். அத எழுதினதால ஒங்களுக்கு என்ன கெடச்சுது?"

பிரபின் அவளைப் பார்த்தான். அந்தப் பெண் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. இருக்கிற வேலையை இவன் வாயை நம்பி விடப் போகிறாள். தன் பொய்யில் தான் மட்டும் நனைவதென்றால் அவன் இன்னும் எத்தனை மாதம் வேண்டுமானாலும் நனைந்திருப்பான். இது அப்படியில்லை.

"வேலைய விடாத ஷைஜா" என்றான். "நான் அத எழுதல்ல."

டீ டம்ளர் சத்தம் நின்றது.

"ரெண்டு வருஷமா எல்லாருகிட்டயும் பிரயோஜனம் உண்டான்னு கேட்டுக்கிட்டு நடந்தேன். பிரயோஜனம் உண்டு, எனக்கு உண்டு. எனக்குப் பேடியாக்கும். தோத்துருவேன்னு பயம். அதாக்கும் காரியம்."

யேசுரத்தினத்தின் முகம் கறுத்தது. "ஏலே, நான் மைக்குல வாசிச்சாச்சே! காணிக்க சபைக் கணக்குல ஏறியாச்சு. வாசிச்சத இல்லாமலாக்குகதுக்கு நம்ம சபையில வழியே கெடையாது."

"இல்லாமலாக்க வேண்டாம்" என்று பின்னாலிருந்து ஜெபகனியின் குரல் வந்தது, கொஞ்சமும் கூசாமல். "கொஞ்சம் முன்ன வாசிச்சிட்டிய, அவ்வளவுதான். இவன் இனி எழுதுவான்."

சிரிப்பு கிளம்பியது. பிரபினுக்குத் தரை பிளந்து உள்ளே போய்விட்டால் நன்றாக இருக்கும் என்றிருந்தது. ஷைஜா மட்டும் சிரிக்கவில்லை. "அப்ப நான் வேலைய விடல்ல. சாயங்காலம் படிச்சுக்கிடுவேன். நீங்க படிச்சு முடிச்சதும் ஒங்க புஸ்தகத்தத் தாங்க. நீங்க எப்பம் முடிப்பிய?"

இதற்கும் ஒரு தேதி சொல்ல வேண்டியதாயிற்று.

அதன்பிறகு ஓடின மாதங்கள் ரயிலில் ஜான்ரோஸுக்குச் சலிப்பாகப் போயின. பிரபின் புத்தகத்தை விரித்துக்கொண்டு ஜன்னலோரம் ஒதுங்கிவிட்டான். ஷைஜா ஞாயிறுதோறும் கோவில் வாசலில் நின்று, எந்தப் பாடம் வரை வந்தாயிற்று என்று கேட்டாள். கடன்காரன்கூட அப்படி நிற்கமாட்டான்.

தேர்வு மையம் திருவனந்தபுரத்தில், தம்பானூர் பக்கம். ஒரு சின்ன அறை, ஒரு கம்ப்யூட்டர். அந்தப் பரீட்சைக்கு ஒரு விதி உண்டு. ஒரு கேள்விக்குப் பதில் தந்து அடுத்ததற்குப் போய்விட்டால் பழையதற்குத் திரும்ப முடியாது. பிரபினைப் போன்றவர்களை ஒழித்துக்கட்டவே யாரோ யோசித்து வைத்த விதி. ஐந்தாவது கேள்வியில் இரண்டு விடைகள் சரியாகப் பட்டன. பழக்கதோஷம், பக்கத்தில் திரும்பினான். பக்கத்தில் யாருமில்லை, கண்ணாடிக்கு அப்பாலிருந்து மேற்பார்வைப் பெண் முறைத்தாள். திரையின் மூலையில் நேரம் ஓடிக்கொண்டிருந்தது. ஒன்றை அழுத்தினான். அடுத்ததற்குப் போனான். அதன்பிறகு அழுத்தி அழுத்திப் போய்க்கொண்டே இருந்தான். வாழ்க்கையில் அவன் இவ்வளவு முடிவுகளை ஒரே காலையில் எடுத்ததில்லை.

கடைசிக் கேள்வி முடிந்த கையோடு முடிவு திரையில் வந்தது. தேற 825 வேண்டும். அவனுக்கு 794.

வயிற்றில் அந்தப் பழைய அறிவிப்புப் பலகை எழுந்து வரும் என்று காத்திருந்தான். அவமானமாக இருந்தது, இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் பசிக்கவும் செய்தது. இரண்டு வருஷமாகப் பயந்து ஓடினது இதற்குத்தானா, இவ்வளவுதானா என்று அவனுக்கு ஒரே ஆச்சரியம். வெளியே வந்து ஒரு சாயாவும் பழம்பொரியும் தின்றான். பிறகு அம்மாவுக்குப் போன் போட்டான்.

"தோத்துட்டேம்மா. முப்பத்தொண்ணு மார்க்குல."

மறுமுனையில் மீன்காரி குளோரி விலை சொல்வது கேட்டது.

"பின்ன ஆண்டவருகிட்ட நான் என்ன மக்கா சொல்லுகது?" என்றாள் ஜெபகனி, சின்னக் குரலில்.

"மறுபடியும் எழுதுகான்னு சொல்லு. அங்கயே அடுத்த மாசத்துக்குத் தேதி வாங்கியாச்சு."

"தேதி வாங்கியாச்சா? ஆருகிட்ட கேட்டே?"

"ஆருகிட்டயும் கேக்கல்ல."

ஜெபகனி போனிலேயே, "ஸ்தோத்திரம்! ஸ்தோத்திரம்!" என்று தெருவுக்குக் கேட்கும்படி கூவினாள். கூவும்போதே அழுகிறாள் என்று பிரபினுக்குப் புரிந்தது. குளோரி பேரத்தை விட்டுவிட்டு, "என்னக்கா, மவன் பரீட்சையில ஜெயிச்சிட்டானா?" என்று கேட்டாள்.

"ஆமாட்டி" என்றாள் ஜெபகனி. "ஜெயிச்சிட்டான்."