பந்தக்கால் குழியில் செம்புத் தகடு

நான் பொய் சொல்வதில்லை. என் கண்ணெதிரே நடப்பவை கொஞ்சம் பெரிதாக நடந்துவிடுகின்றன, அவ்வளவுதான்.

மொரப்பூர் பக்கம் எங்கள் தெருவில், செல்லம்மாள் மகன் மதியழகனுக்கும் எதிர்வீட்டுக் குப்புராஜின் மகள் பூவிழிக்கும் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டு வாசலில் பந்தக்கால் நடப் பந்தல்காரர் இன்னாசி கடப்பாரையைப் போட்டார். டங்கென்று ஒரு சத்தம். வெளியே வந்தது களிம்பேறிய செம்புத் தகடு. ஒன்றுக்குள் ஒன்றாக முக்கோணங்கள், சுற்றிலும் வட்டம், நடுவில் ஒரு புள்ளி.

"செய்வினை!" என்று கத்திக்கொண்டு குப்புராஜ் தன் வீட்டுக்கு ஓடினார். ஓடிய வேகத்தில் அவர் நிழல் செல்லம்மாள் வாசலிலேயே நின்றுவிட்டது. பாவம், நல்ல வெயில். நான்தான் அதற்கு ஒரு சொம்பு மோர் கொடுத்தேன்.

எதிர்வாசற்படியிலிருந்து தீர்ப்பு வந்தது.

"இந்தக் கல்யாணம் நடக்காதுங்க! தாந்திரீகம் பண்ற வூட்டுக்கு எம்பொண்ணக் குடுக்க மாட்டேன். இன்னும் மண்டையோடு எங்க பொதைச்சிருக்கீங்களோ!"

"அண்ணே, வாய்க்கு வந்ததப் பேசாதீங்க," என்றார் செல்லம்மாள். "எங்க மாமனாரு வூடு கட்டறப்ப குருக்கள் பூசை பண்ணி வெச்சதா இருக்கும்."

"பூசைன்னா தேங்கா, பழம். முக்கோணம் எதுக்கு?"

கல்யாண ஜாக்கெட்டைத் தையல்கடையிலிருந்து வாங்கிவந்த பூவிழி, அப்பாவைத் தாண்டி உள்ளே போனாள். கூடத்தில் மாட்டியிருந்த படத்தோடு வந்தாள். போன வருஷம் மாரியம்மன் கோயில் கும்பாபிஷேகத்தில் எடுத்தது. பட்டு வேட்டியில் குப்புராஜ், கையில் ஒரு தகடு.

"அப்பா, கையில என்ன?"

"யந்திரம்மா. அம்மனுக்கு அடியில நாந்தான வெச்சேன்."

"குருக்கள் என்ன சொன்னாரு? டீக்கடைல தெனமும் சொல்வீங்களே."

சொல்லாமல் இருக்க அவரால் முடியாது. "மந்திரம் அவளக் கூப்பிடற பேரு. யந்திரம் அவ உக்கார்ற எடம். தந்திரம்னா அவள உக்கார வெச்சுக் கும்பிடற மொறை. அபிசேகம், ஆரத்தி, குருக்கள் வெரல மடக்கி மடக்கிக் காட்டறது, எல்லாம் அதுல வர்றதுதான்."

பூவிழி குழிக்குப் போய்த் தகட்டைக் கழுவிப் படத்தோடு சேர்த்துப் பிடித்தாள். கோட்டுக்குக் கோடு அதேதான்.

"அது... கோயில்ல இருந்தா யந்திரம்."

"எதிர்வூட்ல இருந்தா செய்வினையாப்பா?"

"நாங்களும் சர்ச்சு கட்டறப்ப அடியில சிலுவை போட்ட கல்லு வெச்சோமுங்க," என்றார் இன்னாசி. "யாரும் ஓடல."

தெருவே சிரித்தது. குப்புராஜ் மட்டும் விறைப்பாக நின்றார்.

"அண்ணே," என்றார் செல்லம்மாள், "உங்க வூட்டுக்கும் அதே குருக்கள்தான் பூசை போட்டாரு. நீங்க நிக்கிற படிக்கு அடியில என்ன இருக்குன்னு தோண்டிப் பாத்துரலாமா?"

குப்புராஜ் தாவினார். ஒரே தாவல். தெரு, தெருவில் நின்ற டிராக்டர், அதன்மேல் இருந்த வைக்கோல், எல்லாவற்றையும் தாண்டிப் பந்தக்கால் குழியருகே வந்து இறங்கினார்.

"வந்ததே வந்துட்டீங்க சம்பந்தி. நீங்களே வெச்சிருங்க," என்றார் செல்லம்மாள்.

குப்புராஜ் குழியைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, தகட்டைக் கண்ணில் ஒற்றிக் குழிக்குள் வைத்தார். இன்னாசி பந்தக்காலை நட்டார்.

"மாப்ள, ஒரு போட்டோ எடுங்க," என்றார் குப்புராஜ்.

இப்போது அந்தப் படமும் அவர் கூடத்தில் இருக்கிறது. நம்பாதவர்கள் போய்ப் பார்க்கலாம். குப்புராஜ் சிரிக்கிறார். அவர் நிழல் கொஞ்சம் தள்ளி நின்று மோர் குடிக்கிறது.