மீண்டவர் நினைவாக

அச்சுப் பிரிவில் அவளை எல்லாரும் 'ஒற்று அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். இருபத்திரண்டு வருடமாக மெய்ப்புத் திருத்துகிறாள். க், ச், த், ப் விட்டுப்போன எந்தத் தாளும் அவள் மேசையைத் தாண்டியதில்லை.

நூற்றிருபது வருடங்களுக்கு முன்னால் சண்டை நடந்த மைதானத்தில் நினைவுத்தூண் எழுப்புவதாக முடிவானபோது, அதில் பொறிக்க வேண்டிய வரியும் அவளிடம்தான் வந்தது. 'இப்போர்க்களத்தில் மாண்டவர் நினைவாக.' தட்டச்சில் 'மீண்டவர்' என்று இருந்தது. சிவப்பு மையால் சுழித்தாள். மறுபடி அப்படியே வந்தது. மறுபடி சுழித்தாள். மூன்றாம் முறை சரியாக வந்தது. கையெழுத்துப் போட்டு அனுப்பினாள்.

திறப்பு விழாவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது தூணைப் பார்க்கப் போனாள். கல்லில் 'மீண்டவர்' என்று முழங்கை நீள எழுத்தில் இருந்தது. 

கல் வெட்டியவர் ஓரமாக நின்று உளியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு வந்த தாள்ல என்ன இருந்துச்சோ அதத்தான் வெட்டினேன். முத்திரை இருக்கு பாருங்க," என்று முதல் மெய்ப்பின் இன்னொரு பிரதியை நீட்டினார். அவள் கை படாத தாள் அது.

"வெட்டும்போது உங்களுக்குத் தோணலையா?"

"தோணுச்சும்மா. திருத்தினா யாரைக் கேட்டுத் திருத்தினேன்னு கேப்பீங்க."

பிரிவு அதிகாரி இன்னும் சுலபமாக முடித்துவிட்டார். "யாரும்மா நின்னு படிக்கப் போறா? அந்த இடத்துல பெரிய மாலையாப் போட்டுடலாம்."

"மாலை வாடிடுமே சார்."

"வாடுறப்போ பாத்துக்கலாம்."

விழா நடந்தது. மாலை அந்தச் சொல்லைப் பாதிதான் மறைத்தது. தலைமை தாங்கியவர் கையிலிருந்த தாளைப் பார்த்து "மாண்டவர் நினைவாக" என்று கம்பீரமாக வாசித்தார். அந்தத் தாளைத் திருத்தியவளும் அவள்தான். கூட்டம் கைதட்டியது. ஒருவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்பதுதான் அவளை அதிகம் வதைத்தது.

பிறகு எட்டு மாதம் கடிதமாக எழுதித் தள்ளினாள். பதில் வராத கடிதத்துக்கு நினைவூட்டல், நினைவூட்டலுக்கு நினைவூட்டல். வீட்டுக்காரர், "செத்தவங்களே பேசாம இருக்காங்க, உனக்கென்ன?" என்றார். அன்று முழுக்க அவள் அவரோடு பேசவில்லை.

ஒருவழியாக உத்தரவு வந்தது. கல் வெட்டுபவரை அழைத்துக்கொண்டு மைதானத்துக்குப் போனாள். அங்கே ஒரு பெண் பேருந்து நடத்துநர் சீருடையோடு நின்றுகொண்டிருந்தாள். தோளில் பை. விரலால் அந்த ஒரு சொல்லை மட்டும் தடவிக்கொண்டிருந்தாள்.

"கொஞ்சம் நகந்துக்கறீங்களா? வேலை இருக்கு," என்றாள் ஒற்று அக்கா.

"இதோ போயிடறேங்க. வண்டி இங்க வந்து திரும்பறப்பல்லாம் ஒரு தடவை பாத்துட்டுப் போவேன்." நடத்துநர் சற்றுக் கூச்சத்தோடு சிரித்தாள். "எங்க கொள்ளுத் தாத்தா இந்தச் சண்டையில இருந்து திரும்பி வந்தவரு. எங்க தெருவுல இன்னமும் எங்களுக்கு 'ஓடி வந்தவன் வீடு'ன்னுதான் பேரு. ஒரு கால இங்க விட்டுட்டு ஊர்ந்து வந்த மனுசன், ஓடி வந்தவராம். உயிரோட வந்தவங்களையும் ஒரு கல்லு நினைச்சிருக்குதேன்னு பாத்தப்ப, என்னமோ பண்ணிடுச்சு."

கல் வெட்டுபவர் ஒற்று அக்காவைப் பார்த்தார். அவளுக்குப் பொய் சொல்ல வரவில்லை.

"அது பிழைம்மா. மாண்டவர்னு இருக்கணும்."

"பிழையா?" என்றாள் நடத்துநர். கல்லிலிருந்து விரலை எடுத்துக்கொண்டாள்.

ஒற்று அக்கா கல்லுக்கு அந்தப் பக்கம் போய் அதிகாரிக்குப் போன் போட்டாள். "சார், மாண்டவர், மீண்டவர் ரெண்டையும் போட்டுடலாம். கீழ இடமிருக்கு."

"எட்டு மாசம் என் உயிரை வாங்கினீங்க. உத்தரவுல ஒரு சொல்தான் இருக்கு. அதை மட்டும் வெட்டச் சொல்லுங்க."

"நான் சொல்றதக் கொஞ்சம்..."

போன் வைக்கப்பட்டுவிட்டது.

"என்னம்மா செய்ய?" என்றார் கல் வெட்டுபவர்.

"உத்தரவுல இருக்கறதைச் செய்ங்க," என்றாள். அந்த வார்த்தை தன் வாயிலிருந்தே வந்தது அவளுக்கே பிடிக்கவில்லை.

இழைக்கும் இயந்திரம் அலறியது. அந்த ஒரு சொல் வெள்ளைத் தூளாகக் கொட்டியது. நடத்துநர் வண்டி கிளம்பும் நேரம்வரை பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு சீருடையைத் தட்டிவிட்டுக்கொண்டு, சொல்லாமல் போய்விட்டாள்.

சாயங்காலத்துக்குள் கல்லில் மாண்டவர் வந்துவிட்டார்கள். ஒற்று அக்கா ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள். ஒரு பிழையும் இல்லை. அவளுக்கு யாரையாவது திட்ட வேண்டும் போலிருந்தது; யாரை என்றுதான் தெரியவில்லை.

மறுநாள் காலை அதிகாரியின் மேசையில் புது மனுவை வைத்தாள். அவர் 'மீண்டவர் நினைவாக' என்ற முதல் வரியைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இதுக்குப் புதுசாக் கோப்பு திறக்கணுமேம்மா."

"திறங்க சார்," என்று நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.