வாளிக்குள் ஓடாத சுண்டெலி

…ஓடவில்லையே, கையை உள்ளே விட்டும் ஓடவில்லையே, சுண்டெலி என்றால் விரலின் நிழல் பட்டதுமே சுவரேறப் பார்க்க வேண்டாமா, இது என்னடாவென்றால் முதுகைக் கூனிக்கொண்டு வாளியின் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறது, குளிரா, மே மாதத்து நெப்ராஸ்காவில் என்ன குளிர்… ஹார்லன் வாளியைக் கொட்டகை வாசலுக்குத் தூக்கி வந்து வெளிச்சத்தில் சாய்த்தார். கடலை வெண்ணெய் தடவிய டப்பாவைக் கம்பியில் கோத்து வாளியின் வாயில் உருள வைத்தால் இரண்டு மூன்று விழும், விழுந்தது ஒன்றுதான், அதுவும் இப்படி. அடியில் புழுக்கை. அது ஏன் பச்சையாக இருக்கிறது? புல்லைத் தின்ற பச்சை இல்லை, பெயின்ட் டப்பாப் பச்சை. கண்ணாடியை மூக்கில் தள்ளிவிட்டுப் பார்த்தார், பச்சைதான். வெளிச்சக் கோளாறாக இருக்கும், இல்லை, கண் கோளாறு, அந்தக் கண் டாக்டரை அவர் என்றைக்கும் நம்பியதில்லை… முந்தாநாள் இதே வாளியில் பிடித்து மகளின் பாம்புக்குப் போட்டது ஓடியதா? யோசி. வாலைப் பிடித்துத் தூக்கினபோது துள்ளியதா, தொங்கியதா? நல்ல சாதுவான எலி, நம் வேலை சுலபம் என்று நினைத்தது ஞாபகம் இருக்கிறது. சாதுவாம்.

எல்லாம் அந்த வளர்ப்புப் பிராணிக் கடைக்காரியால் வந்தது. மூக்கில் வளையம் போட்ட பெண், ஐஸ்பெட்டியைத் திறந்து விறைத்த எலிகளைச் சிறிசு, நடுத்தரம், பெரிசு என்று சட்டை அளவு காட்டுகிற மாதிரிக் காட்டினாள், “உங்க பாம்போட உடம்புல எந்த இடம் ரொம்பத் தடிமனோ, அந்தத் தடிமனுக்கு மேல போகக் கூடாது சார், வெந்நீர்ல பைக்குள்ள வச்சு உருக்குங்க, இடுக்கியில பிடிச்சு நீட்டுங்க.” உயிரோடு ஒன்று கேட்டதற்கு, “அது பாம்பக் கடிச்சிடும் சார், கண்ணையே நோண்டிடும்” என்றாள். எலி பாம்பைக் கடிக்குமாம், கேட்டுக்கொள். எந்த ஊரில் எவன் வளர்த்து எதைத் தின்னக் கொடுத்து எப்போது கொன்றானோ, அந்த எலியை நம்ப வேண்டும், தன் கொட்டகையில் தன் சோளத்தைத் தின்று வளர்ந்த எலியை நம்பக் கூடாது. இருந்தாலும் வாங்கினார், உருக்கினார், துடைத்தார், மகள் ட்வைலா காட்டித் தந்த மாதிரியே இடுக்கியில் பிடித்து மூக்குக்கு முன்னால் ஆட்டினார், கை வலிக்க ஆட்டினார். அந்தப் பாம்பு, பிஸ்கட்டாம், பாம்புக்கு வைக்கிற பெயரா, தலையை வயிற்றுக்குள் செருகிப் பந்தாகச் சுருண்டுகொண்டது. மறு வாரமும் அப்படியே. அதற்கடுத்த வாரமும். மாதக் கணக்கில் பட்டினி கிடக்கிற ஜாதி, பயப்படாதே என்று மகள் போனில் சொன்னாள், சொன்ன குரலில் பயம் இருந்தது. விவாகரத்துக்குப் பிறகு அவள் குடிபோன இடத்தில் பாம்புக்கு அனுமதி இல்லை, வேறு வீடு கிடைக்கிறவரை யாரிடமாவது விட வேண்டும், எத்தனையோ பேரைக் கேட்டுவிட்டுத்தான் அப்பனிடம் வந்திருப்பாள், அது தெரியாதா. கல்யாணமான நாளிலிருந்து ஒரு நாய்க்குட்டியைக்கூட இங்கே ஒரு ராத்திரி விட்டதில்லை. கண்ணாடித் தொட்டியை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னாள், “அப்பா, ஒண்ணே ஒண்ணு. கொட்டகையில பிடிச்சத மட்டும் போட்டுடாதே.” அதுதான் சுருக்கென்றது. ஏன், என் கொட்டகை அவ்வளவு அசிங்கமா? இப்போது வீடு கிடைத்துவிட்டது. வேலை முடிந்து இன்றைக்குச் சாயங்காலம் வருகிறாள், எடுத்துக்கொண்டு போக.

டெல்பர்ட் கொட்டகையின் மறு பாதியில் டிராக்டருக்கு அடியில் படுத்திருந்தான், பூட்ஸ் மட்டும் தெரிந்தது, பக்கத்துப் பண்ணைக்காரன், வண்டி நிறுத்த இடம் கேட்டு வந்தவன், எத்தனையோ வருஷமாக இங்கேதான் நிறுத்துகிறான்.

“டெல்பர்ட், இங்க எலி மருந்து எதுவும் வச்சியா?”

“வைக்காம? உன் எலிங்க என் ஒயரத் தின்னுச்சுன்னா நீயா வந்து மாட்டித் தருவே?”

“எங்க வச்சே?”

“அந்தத் தகரத்துக்குப் பின்னாடி. பச்சைக் கட்டி. நல்லா வேலை செய்யுது, ஒரு வாரமா ஒண்ணையும் காணோம் பாரு.” பூட்ஸ் கொஞ்சம் ஆடியது. “ஏன்யா, நீ தின்னுட்டியா?”

சிரிக்கிறான். மண்வெட்டிக் காம்பால் அந்தப் பூட்ஸில் ஒரு போடு போடலாம்… போட்டு? என்னைக் கேட்காமல் ஏன் வைத்தாய் என்றால், உன்னை என்னத்துக்குக் கேட்க வேண்டும், எலி உனக்கு என்ன சொந்தமா என்பான், நியாயம்தானே. தகரத்துக்குப் பின்னால் கை விட்டால் பெட்டி, மூலையெல்லாம் கொறித்துப் போட்டிருந்தது. கடைக்காரியின் எலி எதைத் தின்றதோ என்று எத்தனை சந்தேகம், இங்கே, இவ்வளவு கிட்டத்தில்…

கால்நடை ஆஸ்பத்திரியில் போனை எடுத்த பெண் நிதானமாகக் கேட்டாள், எப்போது தின்றது, எவ்வளவு பெரிய எலி, பெட்டியில் என்ன பெயர் போட்டிருக்கிறது. எழுத்துக் கூட்டிப் படிப்பதற்குள் அவருக்கு வியர்த்துவிட்டது. “ஒண்ணும் ஆகாமலே போகலாம் சார், ஆகவும் செய்யலாம், பார்த்தாத்தான் சொல்ல முடியும். கக்க வைக்கப் பார்க்காதீங்க, வயித்த அமுக்காதீங்க. பெட்டியையும் கொண்டாங்க.” பிறகு, “பாம்பு உங்களோடதா?” மகளுடையது. “அவங்களுக்குச் சொல்லிட்டீங்களா?” அதை இவள் எதற்குக் கேட்கிறாள், போலீஸா இவள்… வருகிறேன் என்று வைத்துவிட்டார்.

தொட்டிக்குள் பிஸ்கட் மரத்துண்டுக்குக் கீழே சுருண்டிருந்தது, நடு உடம்பில் வீக்கம் பாதி வடிந்திருந்தது. உயிர் இருக்கிறதா? நாக்கு வந்து போனது. நாக்கு வந்தால் நல்லதா, அதுவும் தெரியாது. முந்தாநாள் இந்தப் பாம்பு மின்னல் மாதிரிப் பாய்ந்து எலியைச் சுற்றியபோது, எழுபத்து மூன்று வயது மனிதன் சமையலறையில் தனியாகக் கைதட்டினான், கைதட்டிவிட்டு உடனே அவளுக்குப் போன் போட்டான். தலையணை உறை ஒன்றை எடுத்து உதறி, வயிற்றில் விரல் அழுந்தாமல் இரு கையாலும் ஏந்தி உள்ளே விட்டு, வாயை முடிந்தார். வண்டியின் முன் சீட்டில் வைத்தார். பக்கத்தில் பச்சைப் பெட்டி. சாவியைப் போட்டவர் திருகவில்லை. அவள் வருவதற்குள் திரும்பிவிடலாம். தொட்டியில் வைத்துவிடலாம். புது வீட்டில் என்ன ஆனாலும், இடம் மாறினது ஒத்துக்கொள்ளவில்லை என்றுதானே நினைப்பாள், பாம்பென்றால் அப்படித்தான் என்று அவளே ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொள்வாள், இவரைக் கேட்கவே மாட்டாள்… கேட்க மாட்டாளா? ஏன் கேட்க மாட்டாள்? முந்தாநாள் போனில் அவள், “தின்னுடுச்சா! அப்பாடா” என்று சிரித்தாள், “நான் சொன்ன மாதிரிதானே குடுத்தே?” என்றாள். ஆமாம் என்றார் இவர். சரி என்றுவிட்டுப் புது வீட்டுக் கதைக்குப் போய்விட்டாள், ஜன்னல் எந்தப் பக்கம், அடுப்பு எப்படி, தொட்டியை எங்கே வைப்பது என்று, இத்தனை வருஷத்தில் இத்தனை நேரம் பேசினதில்லை, ஜன்னலில் சாய்ந்து கால் மரத்துப்போகக் கேட்டுக்கொண்டு நின்றார். பாம்பு தின்ற சந்தோஷம் என்றுதான் அதை நினைத்திருந்தார். மடியில் போன் கிடந்தது, உறைக்குள் ஏதோ மெதுவாகப் புரண்டது. அவள் இடத்தில் இவர் இருந்திருந்தால் மூன்று தடவை கேட்டிருப்பார், எந்த எலி, எங்கே வாங்கினது, பை எங்கே, காட்டு என்று. அவள் இரண்டாம் தடவை கேட்கவில்லை.