வெள்ளைக் குஞ்சு

என் மகளைப் பார்த்ததும் என் புருஷன் கேட்ட முதல் கேள்வி, "அந்த வெள்ளைக்காரன் பேரு இன்னாடி?" என்பதுதான்.

பிரசவ வலி அடங்கக்கூட இல்லை. படப்பை ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்சம்மா கிளாரா குழந்தையைத் துடைத்து என் பக்கத்தில் கிடத்திவிட்டு அப்போதுதான் நகர்ந்திருந்தார். குழந்தையின் தலைமுடி பஞ்சு நிறம். தோல் உரித்த வெங்காயம் மாதிரி இருந்தது. வெளிச்சம் பட்டதும் கண்ணை இடுக்கிக்கொண்டு வீரிட்டது. நானும் கறுப்பு, என் புருஷன் கோதண்டமும் கறுப்பு. எங்கள் குடும்பத்தில் மாநிறம் என்று சொல்லிக்கொள்ளக்கூட ஓர் ஆள் கிடையாது.

"எந்த வெள்ளைக்காரன் மாமா?" என்று கேட்டேன். கன்னத்தில் அறை விழுந்தது. பக்கத்துக் கட்டிலில் இருந்தவள் தன் பிள்ளையை இழுத்து அணைத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள்.

மாமா என்று நான் கூப்பிட்டது சும்மா மரியாதைக்கு இல்லை. கோதண்டம் என் அம்மா சந்திரம்மாளின் கூடப்பிறந்த தம்பி. அவன் மடியில் உட்கார வைத்துத்தான் எனக்குக் காது குத்தினார்கள். நான் வயசுக்கு வந்தபோது சீர் கொண்டுவந்தவனும் அவன், பிறகு தாலி கட்டியவனும் அவன். மணிமங்கலம் ஏரிக்கு இந்தப் பக்கம் இருக்கும் எங்கள் ஊரில் இது அதிசயமே இல்லை. அக்காள் மகள் இருக்க வெளியே பெண் தேடுகிறவனைத்தான் என்ன குறை என்று விசாரிப்பார்கள். "நெலமும் வெளிய போவாது, ரத்தமும் வெளிய போவாது" என்று சொல்லித்தான் அம்மா என்னைக் கொடுத்தாள். தம்பி என்றால் அவளுக்கு உயிர். அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டான் என்பார்கள். எனக்கு வாய்த்தவனிடம் இரண்டும் ஒரே இடத்தில் இருந்தன.

அந்த வெள்ளைக்காரன் கதை இவ்வளவுதான். ஸ்ரீபெரும்புதூர் ரோட்டில் புதிதாக வந்த ஒரு கம்பெனியில் கோதண்டம் லோடு ஏற்றும் வேலை பார்த்தான். மிஷின் பூட்டுவதற்கு வெளிநாட்டு இன்ஜினியர் ஒருவன் வந்திருந்தான். நான் கேட் வரைக்கும் சோறு எடுத்துப் போனபோது ஒருநாள் சிரித்துக்கொண்டே ஒரு பிஸ்கட் பொட்டலத்தை நீட்டினான். வாங்கிக்கொண்டேன். அதில் பாதியைத் தின்றவன் கோதண்டம்.

கம்பெனி அவனுக்குச் சோறு போட்டது. பெயர் வாங்கிக் கொடுத்ததென்னவோ சண்டைச் சேவல்தான். சேவல்கட்டுக்காரர்கள் காகம் என்று சொல்கிற இனம் அது, உடம்பு முழுக்கக் கறுப்பு. அவன் வளர்க்கும் முறைக்கு ஒரே சட்டம்தான் உண்டு. ஜெயித்த சேவலை அதன் மகளான பெட்டையோடுதான் சேர்ப்பான். வெளிப் பெட்டையை வாசலுக்குள்ளேயே விடமாட்டான். கோதண்டத்தின் காகம் என்றால் கலப்பில்லாதது என்று ஒரகடத்திலிருந்து ஆள் வந்து குஞ்சு கேட்பார்கள்.

அவர்களுக்குத் தெரியாதது ஒன்று எனக்குத் தெரியும். கறுப்புச் சேவலும் கறுப்புப் பெட்டையும் சேர்ந்த அடையில் எப்போதாவது ஒரு வெள்ளைக் குஞ்சு பொரியும். முதல் தடவை அதைக் கையில் ஏந்திக்கொண்டு நான் சிரித்தேன், அவ்வளவு அழகு. கோதண்டம் வாங்கி, இரண்டு காலையும் சேர்த்துப் பிடித்து, கொல்லைப்புறத்துத் துவைக்கும் கல்லில் ஒரே வீசு வீசினான். "எவன் கண்லயும் படக்கூடாது. இனம் கெட்டுப்போச்சுன்னு பேரு வந்துடும்" என்றான். எருக்குழியில் புதைத்தது நான். அதற்குப் பிறகு எத்தனையோ புதைத்தாகிவிட்டது. பெட்டையையும் சேவலையும் ஒரே பஞ்சாரத்தில் கவிழ்த்து வைத்தவன் அவன். அதனால் அந்தப் பெட்டையிடம் மட்டும் எவன் பெயரையும் அவன் கேட்கவில்லை.

அந்த வருஷம் மே மாதம் ஸ்ரீபெரும்புதூரில் குண்டு வெடித்ததிலிருந்து சுற்றுவட்டாரம் முழுக்கப் போலீஸ். நாலு பேர் கூடினால் ஜீப் வந்து நின்றுவிடும். சேவல்கட்டு அடியோடு நின்றுபோனது. சண்டை இல்லாமல் சேவல்கள் கூண்டுக் கம்பியைக் கொத்திக்கொண்டிருந்தன. அவனுக்குக் கொத்த நான் கிடைத்தேன்.

குழந்தையோடு வீட்டுக்கு வந்த அன்று கதவைச் சாத்திவிட்டு உதைத்தான். தையல் பிரிந்து ரத்தம் காலில் இறங்கியது. மறுநாள் கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு கம்பெனிக்குப் போனான். அந்த இன்ஜினியர் எப்போதோ ஊர் போய்ச் சேர்ந்துவிட்டான். கேட்டில் கலாட்டா செய்தவனைக் காவல்காரர்கள் லத்தியால் வெளுத்து அனுப்பினார்கள். வாங்கிக்கொண்டு வந்ததை அப்படியே என்மேல் இறக்கினான். கடைவாய்ப் பல் ஒன்று அன்றைக்குத்தான் போனது.

எங்களோடு ஒரே வீட்டில் இருந்த அம்மா மஞ்சள் அரைத்துப் பற்றுப் போட்டாள். போட்டுக்கொண்டே காதருகில் குனிந்து, "நெசத்தச் சொல்லு, எவன்டி அவன்?" என்றாள். விதை ஒன்று போட்டால் சுரை ஒன்றா முளைக்கும் என்று முணுமுணுத்துக்கொண்டே எழுந்து போனாள். தெருவில் யார் கேட்டாலும் குழந்தைக்கு மஞ்சள்காமாலை, பிழைப்பது கஷ்டம், வெளியே காட்டக் கூடாது என்று சொல்லிவைத்தார்கள். ஒருத்தர் கண்ணிலும் அவளைப் படவிடவில்லை. எனக்குக் கீழே சத்யப்பிரியா என்று ஒரு தங்கை. ஸ்ரீபெரும்புதூரில் மாப்பிள்ளை பேசி முடித்து, அவளுக்குப் பத்திரிகை அடிக்க இருந்த சமயம் அது. அவளைக்கூட அறைக்குள் விடவில்லை.

அப்போதுதான் குழந்தையை எடை பார்க்கிறேன் என்று நர்சம்மா கிளாரா வந்தார். என் முகத்தைப் பார்த்தார். யார் அடித்தது என்று கேட்கவில்லை. கோதண்டத்தைக் கூப்பிட்டு எதிரே உட்காரச் சொன்னார்.

"இதுல யார் தப்பும் இல்ல. உடம்புல நெறம் உண்டாக்கறதுக்கு ஜீன்னு ஒண்ணு இருக்கு. அப்பாகிட்டேர்ந்து ஒண்ணு, அம்மாகிட்டேர்ந்து ஒண்ணு, ஜோடியா வரும். அதுல ஒண்ணு வேலை செஞ்சாலே போதும், நெறம் வந்துடும். வேலை செய்யாதது உள்ளயே இருக்கும், வெளிய தெரியாது. உங்க அப்பாகிட்டயோ அம்மாகிட்டயோ அப்படி ஒண்ணு இருந்திருக்கு. அது உங்களுக்கும் வந்திருக்கு, உங்க அக்காவுக்கும் வந்திருக்கு. அக்கா அதை அவங்க மக கங்காவுக்குக் குடுத்துட்டாங்க. நீங்க ரெண்டு பேரும் கட்டிக்கிட்டீங்க. வேலை செய்யாதது ரெண்டும் இந்தப் புள்ளகிட்ட வந்து சேர்ந்துடுச்சு."

கோதண்டம் தன் கையைத் திருப்பிப் பார்த்தான். "நான் கறுப்பா கீறேனே நர்சம்மா. எனக்குள்ளயும் கீதா அது?"

"இருக்கு. உங்க ரெண்டு பேர்கிட்டயும் இருந்தாதான் இப்படிப் பொறக்கும். வெளியாளுக்குப் பொறந்திருந்தா, அவன் வெள்ளைக்காரனா இருந்தாலும், இவளுக்குக் கொஞ்சமாவது நெறம் வந்திருக்கும்."

"எங்க அக்காவுக்கு?"

"அவங்ககிட்டயும் இருக்கு."

"சின்னவளுக்கு?"

"சத்யப்பிரியாவுக்கா? இருக்கலாம், இல்லாமயும் இருக்கலாம். பார்த்துச் சொல்ல முடியாது. வெளியில கட்டிக் குடுத்தா பயமில்ல."

"கறுப்புச் சேவலுக்கும் கறுப்புப் பெட்டைக்கும் வெள்ளைக் குஞ்சு வர்றது…"

"அதுவும் இதே மாதிரிதான்" என்று நர்சம்மா சிரித்தார். "எங்க டிரெயினிங்ல இதைப் புரிஞ்சுக்க எங்களுக்கு எத்தனை நாள் ஆச்சு தெரியுமா? நீங்க டக்குனு புடிச்சுட்டீங்க." குழந்தையை வெயிலில் காட்டினால் தோல் வெந்துவிடும், கண் கூசும் என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்.

நான் அழுதேன், சந்தோஷத்தில் அழுதேன். இரண்டு கறுப்புக்கு ஒரு வெள்ளை பிறக்கும் என்பதை உலகத்திலேயே யாருக்கும் விளக்கத் தேவையில்லாத ஒருவன் உண்டென்றால் அது கோதண்டம்தானே. இனி என்னை அடிக்க அவனிடம் காரணம் இல்லை என்று நினைத்தேன். அவனும் அன்றைக்கு மீன் வாங்கிவந்து கொடுத்தான். "தப்பு பண்ட்டேன் கங்கா" என்று என் தலையில் கை வைத்தான். நம்பினேன். என்னைவிட முட்டாள் இந்தத் தாலுகாவில் கிடையாது.

மறுநாள் உச்சிவேளை. கொல்லையில் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். சேவல் கூண்டுக்கு அந்தப் பக்கம் அம்மாவும் அவனும் பேசுவது கேட்டது.

"நர்சு சொன்னது வெளிய தெரிஞ்சா சின்னவள எவன்டா கட்டுவான்? மாப்பிள வூட்ல நாளைக்குப் பத்திரிகை அடிக்கறாங்க."

"காமாலைன்னுதானே சொல்லிக்கினு கீறோம்" என்றான் கோதண்டம். "போய்ச்சேந்துச்சுன்னா எவன் கேக்கப் போறான்?"

வேண்டாம் என்று ஒரு வார்த்தை அம்மா வாயிலிருந்து வரும் என்று ஈரத்துணியைப் பிடித்தபடி காத்திருந்தேன். வரவில்லை.

நான் எழுவதற்குள் அவன் வீட்டுக்குள் போய்த் திரும்பிவிட்டான். குழந்தையின் இரண்டு காலையும் சேர்த்துப் பிடித்திருந்தான். அந்தப் பிடி எனக்குத் தெரியும். அவன் முகத்தில் கோபமே இல்லை. வேண்டாத குஞ்சை எடுத்து வருகிறவனின் முகம்தான் இருந்தது.

உலக்கை சுவரோரம் சாத்தியிருந்தது. அதை எடுத்தது நினைவில்லை, அடித்தது நினைவிருக்கிறது. முழங்கையில் விழுந்து எலும்பு முறிகிற சத்தம் கேட்டது. குழந்தை அவன் கையிலிருந்து நழுவி, நான் துவைத்துப் போட்டிருந்த ஈரத்துணிக் குவியலில் விழுந்து அலறியது. அவன் இன்னொரு கையால் என் கூந்தலைச் சுற்றிப் பிடித்துத் தலையைக் கல்லில் மோதினான். ஒரு கண்ணில் ரத்தம் இறங்கிப் பார்வை மறைந்தது. என் காலை யாரோ கட்டிப் பிடித்தார்கள். குனிந்து பார்த்தால் என்னைப் பெற்றவள்.

"உட்டுடு கங்கா" என்றாள் அம்மா. "வேற பெத்துக்கலாம்டி."

என்னைப் பெற்றவளின் முகத்தில் உதைத்தேன். பிடி விட்டது. கோதண்டம் என் கூந்தலை விட்டுவிட்டுக் குழந்தை கிடந்த பக்கம் குனிந்தான். இரண்டாவது அடியை நான் பதற்றத்தில் அடிக்கவில்லை. நின்று, இடம் பார்த்து, அவன் வாயில் இறக்கினேன். பற்கள் உதிர்ந்தன. மல்லாந்து விழுந்தான். மனசுக்கு இதமாக இருந்தது. அதை மறைக்க எனக்கு இஷ்டமில்லை. அவன் ரத்தம்தானே எனக்குள்ளும் ஓடுகிறது.

குழந்தையை எடுத்தேன். எங்கே ஒளிப்பது என்றுதான் முதலில் ஓடியது புத்தி. பிறகுதான் உறைத்தது. ஒளித்து வைத்ததால்தானே இவளைக் கொல்ல முடிகிறது. அந்தக் குஞ்சுகளையும் ஒருத்தரும் பார்த்ததில்லை. இவள் இப்படி இருக்கிறாள் என்பது ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டால் பிறகு எதை மறைக்க இவளைக் கல்லில் அடிப்பார்கள்?

சுற்றியிருந்த துணியை உருவி எறிந்தேன். அம்மணமாக அவளை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு தெருவுக்கு வந்தேன். ஆடி மாத வெயில் தீயாகக் காய்ந்தது. குழந்தை கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு கத்தியது. அவளை எரிக்கிறேன் என்று தெரிந்தேதான் நடந்தேன்.

டீக்கடையில் ஆட்கள் இருந்தார்கள். கோதண்டத்திடம் குஞ்சு வாங்குகிற ஒரகடத்துப் பரசுராமனும் அங்கேதான் இருந்தார். கிளாசைக் கீழே வைத்துவிட்டு, "இன்னாம்மா இது, தலயெல்லாம் ரத்தம்?" என்றார்.

"நல்லா பாத்துக்குங்க" என்றேன். "காமாலைன்னு சொன்னாங்களே, அந்தப் புள்ள இதுதான். கோதண்டத்துக்குப் பொறந்தது. இந்த வெள்ளை அவன் ரத்தத்துல கீது, எங்கம்மா ரத்தத்துல கீது, எனக்குள்ள கீது. நர்சம்மாவக் கேளுங்க. இது வெளிய தெரியக் கூடாதுன்னு இப்போ கல்லுல அடிக்க வந்தான். அவன் சேவல்லயும் கீது. வெள்ளைக் குஞ்செல்லாம் எங்க எருக்குழில கீது, போய்த் தோண்டிப் பாருங்க."

பரசுராமன் குழந்தையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், எங்கள் வீட்டுப் பக்கம் திரும்பினார். கோதண்டம் வாசலுக்கு வந்திருந்தான். ஒரு கை தொங்கியது, வாயிலிருந்து ரத்தம் கொட்டியது. தெருவே தன்னைப் பார்க்கிறது என்று கண்டதும் நின்றுவிட்டான். அதற்கு மேல் ஓரடி வைக்கவில்லை.

போதாது என்று எனக்குத் தோன்றியது. சத்யப்பிரியாவின் கல்யாணம் நடக்க வேண்டியிருக்கும்வரை என் மகளுக்கு உயிர் நிலையில்லை. "எங்க சின்னவ சத்யப்பிரியாவுக்குள்ளயும் இருக்கலாம்" என்று சொன்னேன். கத்தவில்லை, எல்லோர் காதிலும் விழும்படி நிதானமாகச் சொன்னேன். சொல்லிவிட்டுத் திரும்பினால் அவள் தண்ணீர்க் குடத்தோடு என் பின்னால் நின்றுகொண்டிருந்தாள்.

நான் நிற்கவில்லை. மெயின் ரோட்டுக்கு வந்து, நர்சம்மாவிடம் போய்ச் சேரப் படப்பை பஸ்ஸுக்காக நின்றேன். மருந்துக்குக்கூட ஒரு மரம் இல்லை. பஸ் தெரியாத ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன். முந்தானையால் குழந்தையை மூடினேன். முதுகு அதற்குள் சிவந்து கன்றிப்போயிருந்தது.

சத்யப்பிரியா ஓடி வந்தாள். வந்த வேகத்தில் என்னை அறைந்தாள். கோதண்டம் உடைத்த பல் பக்கமே விழுந்தது.

"என் பேர ஏன்க்கா சொன்ன?"

வாயில் ஊறிய ரத்தத்தைத் துப்பினேன். "சொல்லலன்னா இவள உட்டு வைக்க மாட்டாங்கடி" என்றேன்.

திரும்பிப் போய்விடுவாள் என்று நினைத்தேன். முந்தானையை விலக்கிக் குழந்தையைப் பார்த்தாள். அன்றுதான் முதல் தடவை பார்க்கிறாள். பிறகு சூரியன் இருந்த பக்கமாக நகர்ந்து, தன் நிழல் குழந்தையின் மேல் விழுகிற மாதிரி நின்றாள். அவள் கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டே இருந்தது. என் முகத்தைப் பார்க்கவில்லை. பஸ் வரும்வரை அந்த இடத்தை விட்டு அசையவில்லை.