கோழிகள் திருத்திய சவுண்டு

அண்ணன் முஜியோனோ லாரியைப் பின்னோக்கி ஓட்டி வந்து ருமினியின் கோழிக்கொட்டகைக்கு நேர் எதிரே நிறுத்தியபோது, இந்த மனுஷனுக்குப் புத்தி கெட்டுவிட்டது என்றுதான் நினைத்தேன். போன ஆகஸ்ட் சுதந்திர தின ஊர்வலத்தில் இதே லாரி, இதே பதினாறு ஸ்பீக்கர் பெட்டிகளோடு அவள் வாசல் வழியாகப் போனது. உள்ளே இருந்த இருநூறு கோழிகளும் ஒரு மூலையில் போய்க் குவிந்ததில் இரண்டு நசுங்கிச் செத்தன. அப்புறம் ஒரு வாரம் ஓடில்லாத தோல்முட்டைதான். அடுத்த மாதமே, கொஞ்சமும் கூச்சமில்லாமல், அவளிடம் போய் என்னைக் கல்யாணம் செய்துகொள்கிறாயா என்று கேட்டான் அண்ணன். அவள் புருஷனை இழந்தவள். இவன் மனைவி போனபிறகு ஆறு வருஷமாக என் வீட்டில் மூன்று வேளையும் சாப்பிடுகிறவன். ருமினி மாட்டேன் என்று சொல்லவில்லை.

"அடுத்த ஊர்வலம் போற அன்னைக்கு என் கோழிங்க எப்பவும் போல முட்டை வைக்கட்டும். அப்புறம் வந்து கேளுங்க" என்றாள்.

எங்கள் பிளிதார் பக்கம் கோழி வளர்க்காத தெருவும் கிடையாது, ஆகஸ்டில் ஸ்பீக்கர் லாரிக்குப் பின்னால் ஆடாத தெருவும் கிடையாது. இரண்டுக்கும் நடுவில் வசமாக மாட்டிக்கொண்டவன் என் அண்ணன்தான். ஊர்வலத்துக்கு இன்னும் மூன்றே நாள். பேஸை, அந்த அடித்தொண்டை அதிர்வை, அடியோடு குறைத்துவிடுவது என்று முடிவு செய்திருந்தான். வீட்டு ஓடு அதிர்கிறது, நெஞ்சு அதிர்கிறது, கோழி மிரளாமல் என்ன செய்யும் என்று ஊரே அதைத்தான் சொன்னது. டிரைவர் வாகிமின் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை.

"பேஸ் இல்லாம ஊர்வலமா? அதுக்குப் பேசாம சைக்கிள் மணியை அடிச்சிக்கிட்டுப் போலாம்ண்ணே."

"வாயை மூடிட்டு ஜெனரேட்டரைப் போடுடா" என்றான் அண்ணன்.

லாரியின் பக்கவாட்டில் ஒரு தட்டையான இரும்புப் பெட்டி உண்டு. கிராஸ்ஓவர். பாட்டு அதற்குள் ஒன்றாகப் போய் மூன்றாகப் பிரிந்து வரும். அடித்தொண்டை பேஸ் பெட்டிக்கு, நடுக்குரல் நடுப்பெட்டிக்கு, கீச்சுக்குரல் மேலே இருக்கும் ஹார்ன் என்னும் குழல் ஸ்பீக்கருக்கு. எது எங்கே முடிந்து எது எங்கே தொடங்க வேண்டும் என்பதை அதிலுள்ள குமிழ்களைத் திருகி வைக்க வேண்டும். எட்டு வருஷமாக அண்ணன் அந்தக் குமிழ்களை வேறு யாரையும் தொடவிட்டதில்லை.

ருமினி கொட்டகைக்குள் தவிட்டுக் கிண்ணத்தோடு நின்றாள். முதலில் பேஸ் மட்டும். பயந்து பயந்து சத்தத்தைக் கூட்டினான். என் பற்கள் கிடுகிடுத்தன. கோழிகள் தம் பாட்டுக்குத் தவிட்டைக் கொத்திக்கொண்டிருந்தன.

"இன்னும் ஏத்துங்க" என்று ருமினி உள்ளேயிருந்து கத்தினாள்.

ஏற்றினான். கூரைத் தகரம் துள்ளியது. ஒரு கிழட்டுக் கோழி மட்டும் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடியும் கொத்தப் போய்விட்டது. நடுப்பெட்டியைச் சேர்த்தான், அதற்கும் ஒன்றும் ஆகவில்லை. கடைசியாக ஹார்னைச் சேர்த்தான். அந்த நொடியே இருநூறும் தரையோடு தரையாகப் பதுங்கின. பிறகு அலறிக்கொண்டு மூலைக்கு ஓடின.

"நிறுத்துங்க! பருந்து!" என்றாள் ருமினி.

எல்லோரும் வானத்தைப் பார்த்தோம். அங்கே ஒன்றும் இல்லை.

"மேல இல்லைங்க, உங்க பெட்டிக்குள்ள இருக்கு" என்று சிரித்தாள் அவள். "பருந்து கத்தினாத்தான் இதுங்க இப்படிப் பதுங்கும்."

அண்ணன் முகம் சுருங்கிப்போனது. எனக்கே பாவமாக இருந்தது. கூர்மையாகக் கேட்க வேண்டும் என்று ஹார்னை அளவுக்கு மீறிக் கீழ்ச்சுருதியிலிருந்தே பாடவிட்டிருந்தான். நடுப்பெட்டியும் அதே சுருதியைப் பாட, இரண்டும் சேர்ந்து வீறிட்டன. அந்த வீறலைத்தான் 'என் சவுண்டோட முத்திரை' என்று எட்டு வருஷமாகப் பெருமை பேசியிருக்கிறான்.

"திருகுங்க, நான் சொல்றேன்" என்றாள் ருமினி. அண்ணன் குமிழில் கை வைத்தான். கொஞ்சம் கொஞ்சமாக ஹார்ன் தொடங்கும் சுருதியை மேலே தள்ளினான், நடுப்பெட்டி முடியும் சுருதியைக் கீழே நிறுத்தினான். அவள் கோழிகளின் கழுத்தைப் பார்த்துப் பார்த்துச் சொன்னாள். "இன்னும்... இன்னும் கொஞ்சம்... ஐயோ, தாண்டிட்டீங்க, திரும்ப வாங்க." இப்படியே மத்தியானம் வரை. நான் கொண்டுபோன, வேர்க்கடலைச் சட்னி ஊற்றிய பெச்செல் சோறு இலையிலேயே காய்ந்தது. கடைசியில் கோழிகள் கால்களை மடித்து உட்கார்ந்தன. பாட்டு அவ்வளவு இனிமையாக வந்தது. பாடுகிறவள் மூச்சு இழுப்பதுகூடக் கேட்டது. பேஸ் முழுசாக அப்படியே இருந்தது. வாகிமின் லாரியைச் சுற்றி ஆடினான். எனக்கும் கால் நிற்கவில்லை.

ஊர்வலத்தன்று எங்கள் லாரி பத்து மணிக்கெல்லாம் அவள் தெருவுக்குள் திரும்பியது. பின்னால் நானூறு பேர் ஆடிவந்தார்கள். ருமினி கேட்டுக்கு உள்ளே கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அண்ணன் லாரிமேல் ஹெட்போனைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அவளையே பார்த்தான், அவளையே பார்த்ததில் பாட்டு முடிந்ததைக் கவனிக்கவில்லை. அடுத்த பாட்டைப் போட மறந்துவிட்டான். தெரு முழுக்க ஒரே அமைதி.

அந்த அமைதிக்குள் கொட்டகையிலிருந்து ஒரு கோழி, முட்டை வைத்த கர்வத்தோடு, கொக்கரித்தது. பின்னாலேயே இன்னொன்று. அப்புறம் ஏழெட்டு.

கல்யாணப் பேச்சு ஊருக்கே தெரியும். நானூறு பேரும் ஓவென்று கத்தினார்கள். ருமினி தோள்துணியால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

"என்னண்ணே நிக்கிற? போய்க் கேளு!" என்று நான் கத்தினேன்.

அண்ணன் குதித்தே இறங்கினான். கழுத்தில் மாட்டிய ஹெட்போனைக் கழற்றத் தோன்றவில்லை. சவுண்டு மிக்ஸரிலிருந்து பிடுங்கிக்கொண்ட அதன் ஒயர் தெருமண்ணில் அவன் பின்னாலேயே இழுபட்டுப் போக, சிரிப்பு அடங்காமலே ருமினி ஒரு கையால் கேட்டின் தாழ்ப்பாளைத் தூக்கினாள்.